ஒன்பது அங்குலம்

அந்த மின்னஞ்சலை நான்கு நாள் எழுதினேன்.
"மதிப்பிற்குரிய மேடம்" என்று ஒரு நாள்,
"அன்புள்ள தஸ்லிமா" என்று மறுநாள்,
அதையும் அழித்து
கடைசியில் வெறும் "வணக்கம்".
எனக்கு நாற்பத்தெட்டு.
அவர் என் சர்வீஸைவிட
மூன்று வயது மூத்தவர்.

சாலைப் பிரிவிலிருந்து
மழைநீர் வடிகாலுக்கு மாற்றிய ஆணை
பேப்பர்வெயிட்டின் அடியில் படபடத்துக்கொண்டிருந்தது.
தார் தெரியும் எனக்கு. ஜல்லி தெரியும்.
எந்த ஒப்பந்ததாரர் எந்தக் கிழமை
போன் எடுக்கமாட்டார் என்பது தெரியும்.
தண்ணீர் எப்படி யோசிக்கும் என்று மட்டும் தெரியாது.

கிண்டியிலிருந்து பதில் வந்தது:
"செவ்வாய் நாலரை. சென்ட்ரல் மெட்ரோ வாசல் டீக்கடை.
ஒரே ஒரு கேள்வி கொண்டு வாங்க."

நான் பதினாலு கொண்டுபோனேன்,
நீல மையில், நம்பர் போட்டு.

தாளை வாங்கிப் படித்தார்,
உப்புப் பார்ப்பவர் போல
முகத்தில் ஒன்றும் காட்டாமல்.
"இதுல பன்னெண்டு புத்தகத்துலயே இருக்கு.
ஒண்ணு, உங்களைப் பழைய இடத்துக்கே மாத்த
சுத்தி வளைச்சு சிபாரிசு கேக்குது."
காது சுட்டது.
"மிச்சம் ஒண்ணு எனக்கே தெரியாது."
அந்தக் கடைசி வாக்கியத்தில்தான்
என் தோள்கள் இறங்கின.

"பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை, நாப்பது நிமிஷம்.
ஆறு மாசம் பார்ப்போம்.
பிரயோஜனம் இல்லேன்னா
யார் வேணா சொல்லிரலாம், வருத்தமில்லாம."
பெண் பார்க்கப் போன இடங்களில்கூட
இத்தனை தெளிவாக யாரும் பேசிக் கேட்டதில்லை.

"சரி. எந்தத் தெருவுல தண்ணி நிக்குது?"
புளியந்தோப்பில் மாவு மில் சந்து என்றேன்.
"ஏன் நிக்குது?"
பள்ளம். குப்பை. பிளாஸ்டிக். ஜனங்க.
கோப்பில் செருகுவதுபோல்
ஒவ்வொன்றாகச் செருகினேன்.
அவர் பேனாவின் மூடியையே திறக்கவில்லை.
டீயில் ஆடை படிந்தது.

பிறகு என்னவோ, சொல்லிவிட்டேன்.
பழைய தாரைச் சுரண்டாமல்
மேலே மேலே மூன்று முறை போட்டோம்.
ஒன்பது அங்குலம்.
சுரண்டியதாக அளவுப் புத்தகத்தில்
கையெழுத்துப் போட்டது நான்.
வீடுகள் அங்கேயேதான் இருந்தன,
தெருதான் ஏறியது.
போன டிசம்பரில் ஒரு வீட்டில்
கட்டிலுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து
அதன்மேல் அடுப்பை வைத்திருந்தார்கள்.
பார்த்தேன். பார்க்காததுபோல ஜீப்பில் ஏறினேன்.

அவர் "ஐயோ" என்று சொல்லவில்லை.
"பரவாயில்லை" என்றும் சொல்லவில்லை.
லேப்டாப்பைத் திறந்தார்.
திரையில் நீலம் நீலமாய் நகரம்.
"இது நான் போட்ட மாடல்.
இந்த இடம் காஞ்சு கிடக்கும்னு சொல்லிச்சு.
இடுப்பளவு நின்னுச்சு.
எங்க தப்புன்னு எட்டு மாசமாத் தேடறேன்."
விரல் இருந்தது மாவு மில் சந்துக்கு
இரண்டு தெரு தள்ளி.
"இங்கயும் மேல மேலதான் போட்டீங்களா?"
"அது என் கையெழுத்து இல்ல.
ஆனா, போட்டோம்."

அப்போதுதான்
பேனா மூடி திறந்தது.

நாற்பது நிமிடம் முடிந்து ஐந்து ஆகியிருந்தது.
"அடுத்த தடவை அந்த மூணு தெருவோட மட்டம் வேணும்.
புத்தகத்துல இருக்கறது இல்ல,
தரையில இருக்கறது."
சரி மேடம் என்றேன்.
மேடம் வேணாம் என்றார்.
சரி மேடம் என்றேன்.

தன் டீக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டுப் போனார்.
கல்லா முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன்.
இருபத்தாறு வருடமாக என் டீக்கு
யாராவது கொடுத்துவிடுவார்கள்.
பதினைந்து ரூபாய். பையைத் துழாவிச்
சில்லறையாக எண்ணிக் கொடுத்தேன்.

வெளியே தூறல்.
தண்ணீர் எந்தப் பக்கம் போகிறதென்று
குனிந்து பார்த்தபடியே
பிளாட்பாரத்தோடு நடந்தேன்.
பாலம் வருவதற்குள் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்,
என்ன சார் தொலைச்சீங்க என்று.